சபையில் தீர்மானம் எடுத்தாயிற்று, ஒழுங்கையில் ஏன் இன்னும் ஒரு லோட் கல்கூட இறங்கவில்லை?

ஒழுங்கைவாசி:

வணக்கம். பிரதேச சபை வேலைகளில் கோப்பு எப்படி நகரும் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவி.

திருகோணமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்து ஒழுங்கை. 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், கொங்கிறீற் வீதி, ஒரு பக்கம் வடிகான். ஜனவரிக் கூட்டத்திலேயே சபையில் தீர்மானம் எடுத்தாயிற்று. ஏப்ரலில் டி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வந்து நாடா பிடித்து அளந்துகொண்டு போனார். ஜூன் 10 விலைமனு திறந்தார்கள். இப்போது ஜூலை முடியப் போகிறது. கந்தோரில் கேட்டால் "எல்லாம் பாஸ், வேலை வரும்" என்ற ஒரே பதில்தான்.

இதில் "பாஸ்" என்றால் சரியாக எது பாஸ்? ஆகக் குறைந்த விலை போட்டவரை விட்டுவிட்டு இரண்டாவது ஆளுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஊரில் கதை. அப்படிக் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டா? கிராமத்து ஆட்கள் எந்தக் கட்டத்தில் எந்தக் கடதாசியைக் கேட்டு வாங்கலாம்? மாரி தொடங்கினால் எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும், அதுதான் அவசரம்.

கோப்புக்கட்டு:

தம்பி, உங்கள் கேள்வியிலேயே விஷயம் இருக்கிறது. "பாஸ்" என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்து வேறு அனுமதிகளை ஒளித்துவைத்துப் பேசுவதுதான் ஊரைக் குழப்புகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித் திகதி, தனிக் கையெழுத்து இருக்கும். எல்லாம் பாஸா என்று கேட்காதீர்கள், இன்னதற்கு என்ன திகதி என்று கேளுங்கள்.

சபைத் தீர்மானம் முதலாவது. அது விருப்பம் மட்டும்தான். "இந்த ஒழுங்கையைச் செய்ய வேண்டும்" என்று சபை ஒத்துக்கொண்டது, காசு ஒதுக்கியது என்று பொருள் இல்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி ஓடும் சபைகள் பாதீட்டில் இடமில்லாத செலவைச் செய்ய முடியாது. பாதீட்டில் தலைப்பு இல்லாவிட்டால் குறைநிரப்பு மதிப்பீடு கொண்டுவந்து சபையில் நிறைவேற்ற வேண்டும். ஜனவரித் தீர்மானம் பாதீடு நிறைவேறிய பிறகு எடுத்தது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது ஒதுக்கீடு. காசு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேகம் இருக்கிறது. சபையின் சொந்த வருமானம், அதாவது சோலைவரி, உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை போன்றவை என்றால் தீர்மானம் சபைக்குள்ளேயே முடியும். மாகாணத்துக்கான குறித்தொதுக்கிய அபிவிருத்திக் கொடை என்றால் பாதை நீளம்: நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்ய வேண்டும், திறைசேரி மாகாணத்துக்கு விடுவிக்க வேண்டும், பிறகு உள்ளூராட்சித் திணைக்களம் வழியாகச் சபைக்கு. 2017 செப்டம்பரில் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்த பிறகு தேர்தல் இல்லாததால், மாகாண சபை செய்யவேண்டிய அங்கீகாரங்கள் ஆளுநரிடம் போகின்றன. மூன்றாவது வழி கச்சேரி (மாவட்டச் செயலகம்), பிரதேச செயலகம் ஊடாக வரும் மத்திய அரசின் காசு. அதற்குச் சபைத் தீர்மானம் வெறும் சிபாரிசுதான்.

இங்கே ஒரு நுட்பம். ஒதுக்கீடு வேறு, கட்டுநிதி வேறு. ஒதுக்கீடு என்பது "இவ்வளவு செலவழிக்கலாம்" என்ற அனுமதி. கட்டுநிதி என்பது கணக்கில் வந்து விழும் காசு. ஒதுக்கீட்டுக் கடிதம் மார்ச்சில் வந்து, கட்டுநிதி ஆகஸ்டில் வந்தால் கொந்தராத்துக்காரர் முதல் பில்லுக்காக ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். அந்தப் பயத்தில் சின்னக் கொந்தராத்துக்காரர்கள் விலைமனுவே போடமாட்டார்கள், போட்டால் அந்தக் காத்திருப்பின் வட்டியையும் விலைக்குள் சேர்த்துவிடுவார்கள். மாவட்டத்தில் சில வேலைகள் மதிப்பீட்டை விடக் கூடின விலையில் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். எல்லாவற்றையும் கமிஷன் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

மூன்றாவது, மதிப்பீடு. டி.ஓ. அளந்தபின் அளவுப்பட்டியல் தயாரிப்பார், நாங்கள் பீ.ஓ.கியூ. என்று சொல்வது. மாவட்டத்தில் அந்த வருடத்துக்கு ஏற்றுக்கொண்ட விலைப்பட்டியலைக் கொண்டு விலை போடுவார். அதைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் அதிகாரம் தொகையைப் பொறுத்தது. டி.ஓ.வின் எல்லையைத் தாண்டினால் பொறியியலாளரிடம் போகும். பல சபைகளுக்குச் சொந்தப் பொறியியலாளர் இல்லாததால் கோப்பு வெளியே போய் அங்கே வரிசையில் நிற்கும். ஏப்ரலில் அளந்தது ஜூன்வரை இழுபட்டதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

இந்தக் கட்டத்தில் இன்னொன்றும் மாட்டும். அந்த ஒழுங்கை சபையின் வீதி இடாப்பில் இருக்கிறதா? ஏ, பீ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு, சீ, டீ மாகாண வீதித் திணைக்களத்துக்கு, உள்வீதிகள் சபைக்கு. தனியார் காணிக்குள்ளால் போகும் நடைபாதை என்றால் சபை அதில் ஒரு சதம் செலவழித்தாலும் கணக்காய்வு வினா வரும். இடாப்பில் 2.4 மீற்றர் என்று இருந்து மதிப்பீட்டில் 3 மீற்றர் என்று இருந்தாலும் வேலி பின்னுக்குப் போகாமல் வேலை தொடங்காது.

நான்காவது பெறுகை அனுமதி, அதாவது வேலையை யாருக்கு என்ன விலைக்குக் கொடுப்பது என்ற தீர்மானம். ஐந்தாவது ஒப்பந்தம் வழங்கல். அவற்றைக் கொட்டியாரம் அண்ணன் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

கொட்டியாரம்:

குறைந்த விலைக்காரர் கதைக்கு நேரே வருகிறேன். சட்டத்தில் இடமுண்டு. அது சரியாக நடந்ததா என்பது வேறு கேள்வி.

2006ஆம் ஆண்டின் பெறுகை வழிகாட்டல்தான் நீண்ட காலம் ஓடியது. 2025 ஜனவரி 1 முதல் தேசிய பெறுகை ஆணைக்குழுவின் 2024 வழிகாட்டல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: வேலை போவது திறக்கும்போது வாசித்த ஆகக் குறைந்த விலைக்கு இல்லை, நிபந்தனைகளுக்குப் பொருந்திய விலைமனுக்களுக்குள் மதிப்பிட்டபின் குறைந்ததாக வருவதற்கு. "வாசித்த விலை", "மதிப்பிட்ட விலை" இரண்டும் வேறு.

விலைமனுவை மதிப்பீட்டுக் குழு பார்க்கும், பெறுகைக் குழு தீர்மானிக்கும். ஒரே ஆள் இரண்டு குழுவிலும் இருக்கக் கூடாது. சின்னச் சபைகளில் ஆள் பற்றாக்குறையைச் சாட்டி இதை மீறுவார்கள். அது கணக்காய்வில் நிச்சயம் பிடிபடும், கோப்பும் திரும்பும்.

குறைந்த விலைக்காரர் விழும் இடங்களில் முதலாவது விலைமனுப் பிணை, விலை போடுபவர் மனுவோடு வைக்கும் வங்கி உத்தரவாதம். உதாரணத்துக்கு உங்கள் திகதியையே எடுப்போம். ஜூன் 10 மூடுகிறது, விலைமனு 91 நாள் செல்லுபடியாக வேண்டும் என்று நிபந்தனை இருந்தால் அது செப்டம்பர் 9 வரை. பிணை அதற்கும் மேல் 28 நாள் இருக்க வேண்டும், அதாவது ஒக்டோபர் 7 வரை. வங்கியில் அவசரத்தில் "மூன்று மாதம்" என்று எழுதி வாங்கிவருபவரின் பிணை செப்டம்பர் 10இல் முடிந்துவிடும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த மனு நிராகரிப்புத்தான். அதைப் பிறகு திருத்தி வாங்க முடியாது, வாங்கினால் அதுவே பிழை.

இரண்டாவது கூட்டல், பெருக்கல். உங்கள் வீதியில் கொங்கிறீற் 100 × 3 × 0.15, ஆக 45 கன மீற்றர். ஒருவர் அலகு விலை 42,500 ரூபா என்று எழுதி, தொகையில் 1,912,500 என்று எழுதவேண்டிய இடத்தில் இலக்கம் மாறி 1,192,500 என்று எழுதிவிட்டார் என்று வைப்போம். திறக்கும்போது அவர்தான் ஆகக் குறைந்தவர். ஆனால் விதிப்படி அலகு விலைதான் நிற்கும், தொகையைத் திருத்துவார்கள். 720,000 ரூபா ஏறிவிடும், அவர் இரண்டாமிடத்துக்கோ மூன்றாமிடத்துக்கோ போய்விடுவார். திருத்தத்தை ஏற்காவிட்டால் மனு தள்ளுபடி, பிணைக்காசும் போகும். ஊரில் "குறைந்தவரை வெட்டிவிட்டார்கள்" என்று பேசப்படும் சம்பவங்களில் கணிசமானவை இப்படிப்பட்டவை.

மூன்றாவது வற் வரி. இப்போது 18 வீதம். ஒப்பிடும்போது எல்லோருடைய விலையையும் வற் இல்லாமல்தான் ஒப்பிட வேண்டும். ஒருவர் வற் சேர்த்தும் மற்றவர் சேர்க்காமலும் எழுதி, இருவரதும் இறுதித் தொகை அப்படியே வாசிக்கப்பட்டால் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கணக்குத் தலைகீழாகத் தெரியும்.

நான்காவது, மிகமிகக் குறைந்த விலை, அல்லது சரிந்த விலை. மண் வெட்டு, தொடக்க ஏற்பாடு போன்ற முதலில் முடியும் வேலைகளுக்கு விலையை ஏற்றி, கொங்கிறீற்றுக்கு இறக்கிப் போடுவார்கள். மொத்தம் குறைவாகத் தெரியும். முதல் பில் எடுத்ததும் வேலையை விட்டுப் போனால் சபைக்கு நட்டம். குழு விலைப் பகுப்பாய்வு கேட்கலாம், வேலையை முடிப்பதற்கு உத்தரவாதமான செயலாற்றுகைப் பிணையைக் கூட்டிக் கேட்கலாம், விளக்கம் திருப்தியில்லை என்றால் காரணம் எழுதித் தள்ளலாம். காரணம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் உயிர்.

உங்கள் வேலைக்குப் பொருந்தாது, ஆனாலும் சொல்கிறேன்: 50 இலட்சத்துக்கு மேற்பட்ட விலைமனுக்களுக்கு 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பகிரங்க ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் பதிவுப் பத்திரம், பீ.சீ.ஏ. 3 என்பது, விலைமனுவோடு இருக்க வேண்டும். அது இல்லாமல் நல்ல கொந்தராத்துக்காரர்கள் வெளியே போனதுண்டு.

50 இலட்ச வீதியை மூன்று துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் மூன்று விலைகோரல் எடுத்து ஒரே ஆளுக்குக் கொடுப்பதும் உண்டு. உயர்ந்த குழுவுக்குப் போகாமலிருக்க வேலையை வெட்டுவதை வழிகாட்டல் தெளிவாகத் தடுக்கிறது. 0 முதல் 100 மீற்றர், 100 முதல் 200 மீற்றர் என்று தனித்தனி ஒப்பந்தங்களை ஒரே கிழமையில் கண்டால் உடனே கேளுங்கள்.

ஒழுங்கைவாசி:

மிக்க நன்றி அண்ணன்மார். அப்படியென்றால் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கமே இந்த வேலையை எடுத்துச் செய்யலாமா? விலைமனு இல்லாமலே கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

ஆலங்கேணிக்காரன்:

கொடுக்கலாம் தம்பி, ஆனால் விலைமனு கோரி, திறந்து, மதிப்பீட்டில் இருக்கும் வேலைக்கு இல்லை. அதை இப்போது இழுத்துச் சங்கத்துக்குக் கொடுத்தால் விலை போட்டவர்கள் எல்லோரும் முறைப்பாடு செய்வார்கள், அதில் நியாயமும் இருக்கும்.

அடுத்த வேலைக்கு யோசிப்பதென்றால், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு போன்ற பதிவுசெய்த சங்கங்களுக்கு ஓர் எல்லைக்குட்பட்ட தொகைவரை நேரடியாகக் கொடுக்க முடியும். எல்லை சுற்றறிக்கையால் மாறும், அந்த வருடத்துச் சுற்றறிக்கையைச் செயலாளரிடம் கேளுங்கள். பதிவு புதுப்பித்திருக்க வேண்டும், கடைசி வருடக் கணக்கு ஒப்படைத்திருக்க வேண்டும், சங்கத்தின் பேரில் வங்கிக் கணக்கு இருக்க வேண்டும்.

சங்கங்கள் மாட்டுவது ஒரே இடத்தில். பெயர் சங்கத்தினது, வேலை செய்வது வெளிக் கொந்தராத்துக்காரர், சங்கத்துக்கு ஐந்து வீதம். துணை ஒப்பந்தம் கொடுப்பது தடை. கொங்கிறீற் வெடித்தால் பதில் சொல்ல வேண்டியது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த தலைவரும் செயலாளரும் பொருளாளரும்தான், லொறி வைத்திருந்த ஆள் இல்லை. கூலி ஆட்களின் பெயரும் கையெழுத்தும் உள்ள நாட்பதிவு, கல், மண், சீமெந்து பில்கள், மணல் ஏற்றிய அனுமதிப்பத்திரத்தின் பிரதி எல்லாம் சங்கத்தின் கோப்பில் இருக்க வேண்டும். கங்கை மணல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அனுமதிப்பத்திரம் இல்லாமல் இரவில் ஏற்றினால், லொறியும் போய்விடும், வேலையும் நின்றுவிடும்.

கோப்புக்கட்டு:

ஆலங்கேணி நானா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். நானும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் நடக்கும்வரை உறுப்பினர்கள் இல்லாமல் செயலாளர்களே நடத்தினார்கள். அந்த இடைவெளியில் தொடங்கிய சில வேலைகளுக்குச் சபைத் தீர்மான இலக்கம் இருக்காது, செயலாளரின் தீர்மானம்தான் இருக்கும். பழைய வேலைகளின் கோப்பைக் கேட்பவர்கள் "தீர்மானமே இல்லை" என்று அவசரப்பட வேண்டாம்.

உவர்மலை:

கடதாசி கேட்பது பற்றி யாரும் சொல்லவில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைகளுக்கும் பொருந்தும். சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுதிக் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. விண்ணப்பத்தைக் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வரவேண்டாம், நாள் எண்ணுவது அந்தத் திகதியிலிருந்துதான்.

"ஏன் தாமதம்" என்று கேட்டால் ஒரு வரிப் பதில் வரும். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: தீர்மானத்தின் இலக்கமும் திகதியும், பாதீட்டுத் தலைப்பு, ஒதுக்கீட்டுக் கடிதம், விலைமனு திறந்த பதிவேட்டின் பக்கம். இவற்றை இப்போதே கேட்கலாம். திறந்த பதிவில் யார் எவ்வளவு போட்டார், விலைக்கழிவு எவ்வளவு, பிணை இருந்ததா என்பது எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் கையெழுத்திட்டது, அதை மறைக்கக் காரணம் இல்லை. மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கையை மட்டும் ஒப்பந்தம் வழங்கிய பிறகு கேளுங்கள். அதற்கு முன் அது இரகசியம், கேட்டால் நியாயமாகவே மறுப்பார்கள், உங்களுக்கு ஒரு மாதம் வீண். தோற்ற விலைமனுக்காரரும் தன் மனு ஏன் விழுந்தது என்று எழுதிக் கேட்கலாம். ஊர்க் கதையை விட அந்தக் கடிதத்துக்கு வரும் பதில் பெறுமதியானது.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் பீ.ஓ.கியூ. பிரதி ஒன்று எடுத்துவையுங்கள். வேலை நடக்கும்போது உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான். பலகை அடித்ததும், கொங்கிறீற் போடுவதற்கு முதல் நாள் மாலை, இரு பக்கப் பலகைக்கும் குறுக்கே ஒரு நூலை இறுக்கிப் பிடித்து, நூலிலிருந்து கீழே பொலித்தீன் வரைக்கும் நாடாவால் அளவுங்கள். ஓரத்தில் மட்டும் 150 மில்லிமீற்றர் இருக்கும், நடுவில் கிரவலை மேடாக விட்டு 125 ஆக்கியிருப்பார்கள். அந்த 25 மில்லிமீற்றர் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் குறைந்தால் 7.5 கன மீற்றர். கொட்டியாரம் சொன்ன 42,500 விலையில் 318,750 ரூபா. பத்து மீற்றருக்கு ஒரு இடத்தில் அளந்து, அளவும் திகதியும் தெரியப் படம் எடுத்து, கொங்கிறீற் விழுவதற்கு முன்பே டி.ஓ.வுக்குக் கொடுங்கள். போட்ட பிறகு சொன்னால் துளைபோட்டுப் பார்க்க வேண்டிவரும், அதற்குக் காசு யார் கொடுப்பது என்பதிலேயே ஆறு மாதம் போகும்.

சோதனைக் கட்டி எடுக்கிறார்களா என்றும் பாருங்கள். 150 மில்லிமீற்றர் அச்சு, 7 நாள் ஒரு உடைப்பு, 28 நாள் ஒரு உடைப்பு. கிரேட் 25 என்றால் 28ஆம் நாள் சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். அச்சு வராத நாளில் போட்ட கொங்கிறீற்றுக்கு அறிக்கையும் இருக்க முடியாது, அன்றைய திகதியைக் குறித்துவையுங்கள்.

கொட்டியாரம்:

உவர்மலை சொன்னதைச் சபையின் காசோலையோடு இணைத்துச் சொல்கிறேன். அளந்தவர், சான்றுப்படுத்துபவர், கொடுப்பனவை அங்கீகரிப்பவர், காசோலையில் கையெழுத்து வைப்பவர் என்று நாலு கை தாண்டித்தான் காசு போகும். சான்றுப்படுத்தும் கைக்கு முன் உங்கள் எழுத்து கோப்பில் ஏறிவிட்டால் அதற்குப் பதில் எழுதாமல் பில் நகராது. ஒப்பந்தம் 38 இலட்சம் என்று வைத்தால், வழமையாக ஒவ்வொரு பில்லிலும் 10 வீதம் பிடித்து, மொத்தம் ஒப்பந்தத் தொகையின் 5 வீதம், அதாவது 190,000 ரூபா வரை வைத்திருப்பார்கள். பாதி வேலை முடிய, மீதி குறைபாட்டுக் காலம், அதாவது வெளிப்படும் பிழைகளைக் கொந்தராத்துக்காரரே திருத்த வேண்டிய காலம், முடிய. அந்தக் காலம் பெரும்பாலும் ஒரு வருடம். வெடிப்பு, ஓரம் உடைதல், வடிகானுக்குள் தண்ணீர் திரும்பாமல் வீதியிலேயே நிற்பது எல்லாவற்றையும் அந்த வருடத்துக்குள், அதுவும் முதல் மாரி முடிந்த தையிலேயே, எழுத்தில் கொடுங்கள். மீதிப் பாதியும் கொடுத்தபின் எழுதினால் சபை மறுபடி பாதீட்டில் காசு தேட வேண்டும்.

ஒழுங்கைவாசி:

இன்று போய்க் கேட்டேன். ஒதுக்கீட்டுக் கடிதம் மே 22, பெறுகைக் குழுத் தீர்மானம் ஜூலை 18. கையேற்புக் கடிதம், அதாவது வேலையைக் கொடுக்கிறோம் என்று கொந்தராத்துக்காரருக்குப் போகும் கடிதம், இன்னும் அனுப்பவில்லை. வேலைக்காலம் 90 நாள். இந்த வருடம் முடியுமா?

கோப்புக்கட்டு:

இடுக்கமாக இருக்கிறது, ஆனால் முடியும். கையேற்புக் கடிதம் கிடைத்ததும் கொந்தராத்துக்காரர் 5 வீதச் செயலாற்றுகைப் பிணை கொடுத்து ஒப்பந்தம் எழுத இரண்டு கிழமை பிடிக்கும். ஆகஸ்ட் நடுவில் இடம் ஒப்படைத்தால் 90 நாள் நவம்பர் நடுவில் முடியும். எங்கள் பக்கத்தில் ஒக்டோபர் பின்பாதியிலேயே வாடை மழை கட்டிவிடும். ஆகவே வடிகானை முதலில் வெட்டி முடித்து, கொங்கிறீற்றைச் செப்டம்பர் கடைசிக்குள் போடும்படியான வேலைத் திட்ட அட்டவணையை ஒப்பந்தம் எழுதும்போதே இணைக்கச் சொல்லுங்கள். மழைக்குள் போனால் கால நீடிப்புக் கேட்பார்கள், நீடிப்பு டிசம்பர் 31ஐத் தாண்டினால் அந்த வருட ஒதுக்கீடு காலாவதியாகி, பில் அடுத்த வருடத்துக் காசுக்காக நிற்கும். அந்தப் பயத்தில்தான் டிசம்பர் கடைசிக் கிழமையில் மழையோடு மழையாகக் கொங்கிறீற் போட்டு, முடிந்ததாகப் பில் எழுதுகிறார்கள்.

நாளை காலை கையேற்புக் கடிதம் யாருடைய மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள். தவிசாளர் கையெழுத்துக்கா, செயலாளர் கையெழுத்துக்கா என்று அறிந்துகொண்டு, சங்கத்தின் கடிதத் தலைப்பில் திகதிகளை எல்லாம் எழுதி ஒரு பிரதியை உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும் போடுங்கள். செப்டம்பரில் கொங்கிறீற் போடுவதென்றால் கச்சான் வெயில் இன்னும் இருக்கும். ஏழு நாள் ஈரச்சாக்கு விரித்து நனைக்க உவர் இல்லாத கிணறு எது என்று இப்போதே பார்த்துவையுங்கள். பவுசரில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தால் அது பீ.ஓ.கியூ.வில் இருக்கிறதா என்பதையும்.